எதிரி இல்லாதவனின் இரட்டைக்குழல்

முதலில் நான் நம்பிய முட்டாள்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் போதும், காலையில் கவுதாரி வேட்டை, மாலையில் வீட்டுக் காவல், ஞாயிற்றுக்கிழமை முயல் வறுவல் என்று மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒரு மனிதன் ராஜாவாக வாழலாம் என்று நம்பினேன். அதை வாங்குவதும் சுலபம் என்று நினைத்தேன். டெக்சாஸில் பதினெட்டு வருடம் இருந்தவன் நான். அங்கே நாங்கள் பால் வாங்கும் கடையிலேயே, தூண்டில்களுக்கும் கூடாரத் துணிகளுக்கும் நடுவில், கண்ணாடி அலமாரியில் துப்பாக்கிகள் வரிசையாக நிற்கும். பதினெட்டு வருடமும் அந்த அலமாரியைத் தாண்டிப் போய்ப் பால் வாங்கினேனே தவிர, ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்த தெருவில், ஜன்னலுக்குக் கம்பிகூட இல்லாத வீட்டில், கொசுவுக்கு மட்டும் பயந்து தூங்கினேன். பயம் வந்தது சொந்த ஜில்லாவுக்குத் திரும்பிய பிறகுதான்.

சொந்த ஜில்லா என்று சொன்னாலும் நான் சேலம் டவுன்காரன். மாதா கோயில் மணிக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவில் வளர்ந்தவன். ஐம்பது வயதைத் தாண்டி, மண் மேல் திடீர்ப் பாசம் பொங்கி, மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கிணறும் கடலைக் காடுமாக ஒரு தோட்டத்து வீட்டை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அடுத்த வீடு இரண்டு காடு தள்ளி இருப்பது உறைத்தது. டெக்சாஸில் அமைதி என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இங்கே பகல் இரண்டு மணிக்குக் காற்று நின்றால்கூட யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமரத்துக்குப் பின்னால் நிற்பதாக எனக்குப் படும். கதவுக்கு நான்கு தாழ்ப்பாள், ஜன்னலுக்கு இரட்டைக் கம்பி, வாசலில் நாய். அந்த நாயோ என்னைப் பார்த்தால் மட்டும்தான் குரைத்தது.

என் மனைவி ரீட்டா பயப்படவில்லை. அவளுக்கு அலுப்புதான் வந்தது. எங்கள் கிரீன் கார்டுக்கு இரண்டு வருடம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பலாம் என்ற அனுமதி வாங்கி வந்திருந்தோம். அதற்குள் போகாவிட்டால் கார்டு அவ்வளவுதான். "இப்பவே சொல்லிடறேன்ங்க," என்றாள். "அந்தத் தேதிக்குள்ள உங்க பயம் போகணும். இல்லேன்னா ஊட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிரலாம். பயந்துட்டு உக்காந்திருக்கறதுக்கு அங்கயே இருந்திருக்கலாம், ஏசியாச்சும் இருந்துச்சு." திரும்பி வரலாமா என்று அங்கிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும் நண்பர்களே, என் கதை இந்தக் கெடுவில்தான் தொடங்குகிறது. பயத்தைப் போக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி துப்பாக்கி.

டெக்சாஸில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ராய். ஓய்வு பெற்ற மனிதர், பதினோரு துப்பாக்கிகளுக்குச் சொந்தக்காரர். வீடியோவில் கூப்பிட்டு, முதல் துப்பாக்கி எதை வாங்கலாம் என்று கேட்டேன். மனிதர் உற்சாகத்தில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள் திரும்பி வளைய வேண்டுமென்றால் குட்டைக் குழல், வெட்டவெளியில் பறவை அடிக்க நீளக் குழல். தோள் நோகாமலிருக்கப் பின்கட்டைக்கு ரப்பர் மெத்தை. இருட்டுக்கு விளக்கு, தொங்கவிட வார், கூடுதல் தோட்டாக்களுக்குப் பக்கவாட்டில் ஒரு பை. எல்லாம் சொல்லிவிட்டு, "உங்கள் ஊரில் என்ன வேட்டை?" என்றார். முயலும் கவுதாரியும் அடித்தால் ஜெயில், தோட்டத்தில் நிறைய மயில் வருகிறது, அதை அடித்தால் பெரிய ஜெயில் என்று அப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரி, உங்களுக்கு எதிரிகள் இருக்கிறார்களா?" இல்லை என்றேன். "அப்புறம் எதற்குத் துப்பாக்கி?"

இதே கேள்வியை மூன்று மாதம் கழித்து போலீஸ் ஸ்டேஷன் ஏட்டய்யாவும் கேட்டார். லைசென்ஸுக்கு மனுப் போட்டால் விசாரணைக்கு வருவார்கள். அவர் எங்கள் தோட்டத்துக் கட்டிலில் உட்கார்ந்து, மோர் குடித்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"எதிரி யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லைங்க."

"பங்காளித் தகராறு? வரப்புத் தகராறு?"

"இல்லைங்க."

"மிரட்டல் கடுதாசி?"

"எனக்கு யாருமே கடுதாசி போடறதில்லைங்க."

ஏட்டய்யா பேனாவை மூடினார். "இத்தனை நல்லவருக்குத் துப்பாக்கி எதுக்குங்க?"

பால் ஊற்ற வந்த செங்கோட்டண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு காடு தள்ளி இருக்கிறது என்றேனே, அந்த வீட்டுக்காரர் அவர்தான். நான் தவிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க ஏட்டய்யா, எதிரிக்கு ஆள் வேணும்னா எம்பேரப் போட்டுக்கோங்க. வரப்புல ஒரு சாண் நான் வெட்டீட்டேன்னு வெச்சுக்கலாமுங்க. லைசென்ஸ் வர்ற வரைக்கும் நம்ம சாமிகூட நான் பேசறதில்லை. பால் மட்டும் ஊத்தீட்டுப் போயிருவேன்." அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்றார் ஏட்டய்யா. செங்கோட்டண்ணனுக்கு வருத்தம்தான். கடைசியில் தனித்த வீடு, பயிர்ப் பாதுகாப்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மேசையாக நகர்ந்து, பாதுகாப்பாகச் சுடுவதற்கு ஒரு பயிற்சியும் முடித்து (கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன், பயிற்சியாளரும் கண்ணை மூடிக்கொண்டார்), லைசென்ஸ் கைக்கு வந்தபோது ரீட்டாவின் கெடுவில் நாலைந்து மாதமே பாக்கி இருந்தது.

சேலத்தில் துப்பாக்கிக் கடை இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. டெக்சாஸ் கடை ஒரு மைதானம். இது ஜவுளிக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் இடையில் ஒரு சந்து. உள்ளே கணக்கு வாத்தியார் மாதிரி ஒரு பெரியவர். ராய் சொன்ன பட்டியலை நான் வாசித்தேன். வேட்டை என்ற சொல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்த வார்த்தையை வாசல்லயே செருப்போட விட்டுட்டு வாங்க சார்." பிறகு மூன்று துப்பாக்கிகளை மேசை மேல் வைத்தார். ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், முன்பிடியை இழுத்து இழுத்துச் சுடும் பம்ப் வகை ஒன்று.

"எது நல்லதுங்க?"

"ஒத்தைக்குழல்னா ஒரு தப்புதான் பண்ண முடியும். ரெட்டைன்னா ரெண்டு."

"பம்பு?"

"அதுல அஞ்சு. உங்களைப் பார்த்தா அஞ்சு தாங்காது சார்."

இரட்டைக்குழலை எடுத்து, பின்கட்டையை என் முழங்கை மடிப்பில் வைத்து, விரல் விசையைத் தொடுகிறதா என்று அளந்தார். தையல்காரர் சட்டைக்கு அளவெடுப்பது போலிருந்தது. தொட்டது. அந்த ஒரு நொடியில் எனக்குள் ஒரு துரை எழுந்து மீசையை முறுக்கினான். எனக்கு மீசை கிடையாது. சின்ன ரவைத் தோட்டா போதும், பெரியது சுவரைத் துளைத்துக்கொண்டு போய் உங்கள் வீட்டம்மா மேலேயே படும் என்றார். குழலில் ஓட்டை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடாது, வீட்டில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி வேண்டும் என்றார். வரும் வழியில் பங்குத் தந்தையிடம் மந்திரித்து வாங்கலாம் என்றாள் கூட வந்திருந்த ரீட்டா. புது வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்கிறவர்தானே. சாமியார் துப்பாக்கி உறையைத் திறந்து பார்த்தார், மூடினார், நீளமாக யோசித்தார், பிறகு மொத்தத் தீர்த்தத்தையும் என் தலையில் தெளித்தார். "இப்போதைக்கு உனக்குத்தாம்ப்பா அவசியம்."

அடுத்து அலங்காரம். ராய் சொன்ன சாமான்களுக்கு நான் நாமக்கல்லில் ரஹீம் பாயிடம் போனேன். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சுக்காரன், இப்போது லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை முதலாளி. துப்பாக்கியை வெளியே எடுத்துப் போகப் பயந்து, அட்டைப் பெட்டியில் அதே அளவில் வெட்டி எடுத்துப் போனேன். "ஸ்கூல் ஆண்டு விழாவுங்களா சார்?" என்றார் பட்டறைப் பெயிண்டர். நாமக்கல்லைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கம்பெனியிலிருந்து மொட்டையாக, முன்னால் ஒரு பலகையில் டிரைவர் உட்கார்ந்து ஓட்டி வரும் வெறும் லாரி சேசிஸ், இந்த ஊரை விட்டுப் போகும்போது கல்யாணப் பெண் மாதிரி போகும். ரஹீம் பாய் என் அட்டைத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இப்படி மொட்டையா வெச்சிருந்தா எவன்டா பயப்படுவான்?" சீட்டுத் தைக்கிற ஆள் லாரி மெத்தை ஸ்பாஞ்சில் பின்கட்டைக்கு ஓர் உறை தைத்தார், சிவப்பு ரெக்சினில், மஞ்சள் ஓரம் வைத்து. அதே ரெக்சினில் வார், தோட்டாப் பை. வெல்டிங் இல்லாமல் திருகி மாட்டும்படி டார்ச் லைட்டுக்கு ஒரு கிளாம்ப். வாரின் இரு முனையிலும் இரண்டு குஞ்சம். குஞ்சம் எதற்கு என்று கேட்டேன். "அது எதுக்கும் இல்லடா. அது இருக்கணும்," என்றான்.

அவனிடமே சொல்லியிருந்த இரும்புப் பெட்டி ஒரு வாரம் கழித்து டெம்போவில் வந்து இறங்கியது. ஆறடி உயரம், லாரி மஞ்சள் நிறம், ஓரமெல்லாம் இரவில் மின்னும் ஸ்டிக்கர், கதவில் திருஷ்டிக்கு இரண்டு பெரிய கண்கள். அடியில் ஒரு பாட்டரியும் மூன்று குழல் ஹாரனும், அதை அடிக்க ஒரு பொத்தானும் வைத்திருந்தான். போனில் கத்தினேன். "டேய், துப்பாக்கிப் பெட்டிக்கு ஹாரன் எதுக்குடா?" "சுடறதுக்கு முன்னாடி ஒரு ஹாரன் அடிக்கறது மரியாதைடா. வண்டின்னா அதானே?" செங்கோட்டண்ணன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எந்த ரூட்டுங்க சாமி?" என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்துக் குறி பார்த்தேன். கனம் தாங்காமல் குழல் முனை மெல்ல இறங்கி என் கால் கட்டைவிரலைப் பார்த்தது. ஆனாலும் ராஜ கம்பீரம். குழலுக்குள் தோட்டா போட எனக்குத் தைரியம் இல்லை. துப்பாக்கியைப் பெட்டியில் நிறுத்தி, எதிரில் ஒரு நாற்காலி போட்டு, தினமும் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அப்படிப் பத்தொன்பது நாள்தான் உட்கார்ந்தேன். இருபதாவது நாள் தேர்தல் அறிவித்துவிட்டார்கள்.

இங்கே தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். ராயிடம் இதைச் சொன்னபோது, இணைப்பு சரியில்லை என்று நினைத்து மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். ஸ்டேஷனில் அதே ஏட்டய்யா, ரசீது எழுத ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இரட்டைக்குழல் துப்பாக்கி, ஒண்ணு. சிவப்பு உறை, ஒண்ணு. டார்ச் லைட்டு, ஒண்ணு." நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை என்னன்னுங்க எழுதறது?"

"குஞ்சம்ங்க."

"குஞ்சம், ரெண்டு." எழுதினார்.

வீட்டில் வெறும் மஞ்சள் பெட்டி நின்றது. ஓட்டுப் பதிவு நெருங்கியபோது அனுமதித் தேதிக்குப் பதினெட்டு நாள்தான் பாக்கி இருந்தது. நானாகவே இணையத்தில் விமான டிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்த லட்சணத்தில் ஒரு மதியம். ரீட்டா உள்ளே தூங்குகிறாள். வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓர் ஆள். பின்னால் துப்பட்டாவால் முகத்தை முழுக்கக் கட்டிய ஒரு பெண், கண் மட்டும் தெரிந்தது. கூப்பிடவில்லை. வீட்டு நம்பரைப் பார்த்தார்கள், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்கள், கேட்டைத் திறந்தார்கள். நாய் வாலை ஆட்டியது. பெட்டிக்குப் பாய்ந்து, மூன்று சாவி மாற்றித் திறந்தேன். காலி. ரசீது மட்டும் ஒரு கிளிப்பில் தொங்கியது. வேறு என்ன செய்வேன்? பொத்தானை அமுக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்தேன்.

ஹாரன் அடித்தது என்று சொன்னால் போதாது. மூன்று ராகத்தில் மலைப்பாதை லாரி மாதிரி ஊளையிட்டது. பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டது. மயில்கள் கூட்டமாக எழுந்து பறந்தன. செங்கோட்டண்ணன் வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. வாசலில் அந்தப் பெண் காதைப் பொத்த, கையிலிருந்த காகிதக் கட்டு கடலைக் காடு முழுக்கப் பறந்தது. எருமைக்குப் பின்னால் மண்வெட்டியோடு வந்த செங்கோட்டண்ணன், "டவுன் பஸ்சு தோட்டத்துக்குள்ள இறங்கிருச்சுங்களா?" என்று கத்தினார். ரீட்டா எழுந்து வந்து, பாட்டரி வயரைப் பிடுங்கி, குனிந்து கட்டிலுக்கு அடியில் என்னைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா வந்திருக்காங்க. வெளிய வாங்க."

வெயிலுக்காக முகத்தைக் கட்டியிருந்தவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியை. ஸ்கூட்டர் ஓட்டி வந்தவர் அவர் வீட்டுக்காரர். வாக்காளர்களுக்கு வீடு வீடாகச் சீட்டுக் கொடுக்க வந்திருந்தார்கள். பறந்ததையெல்லாம் எல்லோருமாகக் கடலைச் செடிகளுக்கு நடுவே பொறுக்கினோம். செங்கோட்டண்ணன் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார். "சாமி, இது உங்களுதுங்க."

என் பெயர். என் வீட்டு நம்பர். நான் எதற்கும் மனுப் போடவில்லையே என்று ரீட்டாவைப் பார்த்தேன்.

"நீங்க துப்பாக்கிக்கு எழுதினப்பவே நம்ம ரெண்டு பேரையும் ஓட்டர் லிஸ்டுல சேக்கச் சொல்லி நான் எழுதிட்டேன். ரெண்டு மனுவுக்கும் ஒரே போட்டோதான், மொத்தமா ஒரு கட்டு எடுத்தோம்ல. அந்த மனுக்கட்டோட வெச்சு நீட்டினேன், படிக்காம கையெழுத்துப் போட்டீங்க."

"என்கிட்ட சொல்லலியே?"

"சொல்லியிருந்தா அதுக்கும் பயந்திருப்பீங்க."

பயம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. நேற்றுக்கூட ஒரு தேங்காய் விழுந்ததற்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டேன். நான்கு போடவில்லை, அவ்வளவுதான். மற்றபடி நடந்தது இதுதான். நாங்கள் இருவரும் ஓட்டுப் போட்டோம். அடுத்த வியாழக்கிழமை எங்கள் அனுமதித் தேதி முடிந்தது, நாங்கள் போகவில்லை. துப்பாக்கி இருக்க வேண்டிய மஞ்சள் பெட்டியில், அந்த ரசீதுக்குப் பக்கத்தில், இரண்டு கிரீன் கார்டுகள் இருக்கின்றன. தேர்தல் முடிந்துவிட்டதால் துப்பாக்கியை வந்து எடுத்துப் போகும்படி ஏட்டய்யா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். வாரேனுங்க என்று சொல்லியிருக்கிறேன். துப்பாக்கி இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.