கணவன் வைத்த நேர்த்தி

ஓர்ஸ் ஹில்லில் பாக்கியரத்தினம் ரீச்சரை ஒரு காலத்தில் யாரும் சோம்பேறி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சமைத்து வைத்து, ஆமிச் சென்றியில் சோதனைக்கு வரிசை நின்று, மணியடிக்க முன்னரே வகுப்பில் நிற்கிற மனுசி. தொண்ணூற்றாறில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, களைப்புப் போகவில்லை. தலை சீவினால் படுக்கவேண்டும். எவ்வளவு தூங்கினாலும் தூங்கியதாக இல்லை. இரத்தச் சோதனையிலும் நெஞ்சுப் படத்திலும் ஒரு குறையும் தெரியவில்லை. ஊர்வாய் சும்மா இருக்குமா? வேலைக்குப் போகப் பஞ்சி, வெறும் சோம்பல் என்றது.

அவள் கணவன் இராசதுரை அந்தக் கதையை நம்பவில்லை. ஆனால் பயந்துபோனான். அம்மன் வாசலில் நின்று, இவள் எழும்பி நடந்தால் தேரன்று அடியழிப்பாள் என்று நேர்ந்துவிட்டான். தேருக்குப் பின்னால் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு, எழும்பி, வெயிலில் வீதி முழுக்கச் சுற்றிவருகிற பெண்களின் நேர்த்தி அது.

கடைசியில் டொக்டர் ஸெய்னுதீனிடம் போனார்கள். அவர் எல்லாவற்றையும் ஆறுதலாகக் கேட்டார்.

"ரீச்சர், கூட வேலை செய்தா அண்டைக்கே விழுறீங்களா?"

"இல்லை டொக்டர். அடுத்த நாள்தான். பிறகு கனநாளைக்கு ஒண்டும் ஏலாது."

"இது பஞ்சியில்லை. நாட்பட்ட களைப்பு நோய். இதைச் சுகமாக்கிற மருந்து இல்லை. ஏலும் எண்டு தோணுறதில பாதியைத்தான் செய்யோணும். சுகமா இருக்கிற நாள்லதான் கூடக் கவனம்."

நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோசத்தில் அழுதவள் அவளாகத்தான் இருப்பாள்.

இராசதுரை குசினியையும் சமையலையும் பொறுப்பெடுத்தான். அவள் பாதி பாதியாக வாழப் பழகினாள். மெல்ல மெல்லக் கதிரையில் இருந்தபடி அயல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுமளவுக்குத் தேறினாள். அடுத்த தவணை அரைநாள் வரச்சொன்னார் அதிபர். அலுமாரியிலிருந்து பள்ளிக்கூடச் சேலைகளை எடுத்து வெயிலில் போட்டாள்.

அதற்குள் தேர் வந்துவிட்டது.

"அடுத்த வருசம் செய்வமே. டொக்டர் சொன்னவரெல்லோ," என்றாள்.

"அம்மனுக்குச் சொன்னதைச் செய்யாட்டி என்ன வருமோ, பாக்கியம்."

வேலைக்குப் போனவன் சென்றி தாண்டித் திரும்பி வருவானா என்று வாசலைப் பார்த்திருக்கிற காலம். அவனும் தினம் போய்வருகிறவன்தானே. அவனுக்கு ஏதும் நடந்துவிட்டால் என்ற பயம் அவளுடைய வாயை அடைத்தது. ஓம் என்றாள்.

வீதி முழுதும் அடியழித்தாள். சனம் புதினம் பார்த்தது. அம்மனின் அற்புதம் என்று இராசதுரை எல்லோரிடமும் சொன்னான், பாவம்.

மறுநாள் அவளால் சீப்பைத் தூக்க முடியவில்லை. தவணை தொடங்கியது, முடிந்தது. பிறகு வந்த தவணைகளும் அப்படித்தான். வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் இருட்டறையில் கிடந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர் யாரையும் ஏசவில்லை. எப்போது தேறுவாள் என்று நாள் எதுவும் சொல்லவுமில்லை.

ஒருநாள் கஞ்சி பருக்கும்போது இராசதுரை உடைந்துபோனான்.

"நான் பெரிய பிழை விட்டிட்டன்."

அவள் கண் திறக்கவில்லை. கோபமும் இல்லை.

"ஆம்பிளையள் தேருக்குப் பின்னால உருளுறவைதானே. நேர்த்தி வைக்கேக்க உங்கட உடம்பைச் சொல்லியிருக்கலாமே."