மேல்மடைக் கணினி

உத்தமபாளையத்தில் நீதிமன்றத்துக்கு எதிரே மனு தட்டச்சு செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். அங்கிருக்கும் ஒரே கணினி, மனுக்களுக்கு இடையே கிடைக்கும் ஓய்வில், எங்கோ நடக்கும் மருந்தாராய்ச்சி ஒன்றுக்காகக் கணக்குப் போட்டு வந்தது. உலகெங்கும் உள்ளவர்கள் தம் கணினியின் ஓய்வு நேரத்தை இலவசமாகத் தரும் திட்டம் அது. வேதியியல் படித்தும் ஆய்வகத்துக்குள் வேலைக்குப் போக வாய்க்காத எனக்கு, அதில் என் கையும் இருக்கிறது என்ற நினைப்பு தேவைப்பட்டது.

ஆனால் திட்டத்தின் நிபந்தனைகள் ஏறிக்கொண்டே போயின. முதலில் எந்தக் கணினியும் போதும் என்றார்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார்கள். மதுரையில் தேடிப் பழைய கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, அதன் நினைவகம் போதாது என்று அறிவிப்பு வந்தது. அன்று முதல் என் திரையில் ஒரே வரிதான்: உங்கள் கணினிக்கு ஏற்ற பணி இல்லை. நன்றாக ஓடும் கார்டைக் குப்பையில் போடச் சொல்வது என்ன நியாயம் என்று அவர்களுடைய இணைய மன்றத்தில் நீளமாக எழுதினேன். பழைய கார்டு அதே வேலைக்குப் பன்மடங்கு மின்சாரம் தின்கிறது என்று ஒருவர் பணிவாகப் பதில் எழுதினார். அவர் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கூடியது.

அந்தக் கோபம் போய் உட்கார்ந்த இடம் என் கல்லூரி நண்பனின் ஸ்டுடியோ. கல்யாண வீடியோ எடிட் செய்ய அவன் வாங்கிய புதுக் கணினியை நான்தான் வற்புறுத்தித் திட்டத்தில் சேர்த்திருந்தேன். முடித்த ஒவ்வொரு பணிக்கும் திட்டம் புள்ளி தரும். நான் ஆறு வருடம் சேர்த்த புள்ளிகளை அது ஒன்பதே நாளில் தாண்டியது.

“அது பாட்டுக்கு ஓடுது மாப்ள. நான் எங்க பாத்தேன்?” என்றான். அவன் பார்த்துப் பெருமைப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

ஒருநாள் வீடியோ எடிட் செய்யும்போது கணினி மெதுவாக இழுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டான். அவன் வேலை செய்யும்போது மட்டும் திட்டம் ஒதுங்கி நிற்கும்படி ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும். அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது. மேல்மடையை அடைத்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். இவன் கணினி நின்றால் பணி மிஞ்சும், மிஞ்சியது என்னிடம் இறங்கும் என்று, படித்த நான், உண்மையாகவே நம்பினேன்.

“இத ஓட்டுனா மிஷினுக்கு ஆகாது மச்சான். நிப்பாட்டிரவா?”

“நீ சொன்னாச் சரிதேன்.”

மறுநாளும் என் திரையில் அதே வரி. பத்து நாள் பார்த்தேன்.

பதினோராம் நாள், அவன் அத்தா என்று கூப்பிடும் அவனுடைய அப்பா பட்டா மாறுதல் மனுவுக்காக என் கடைக்கு வந்தார்.

“ஏம்ப்பா, எங்க வீட்டு மிஷினு இதுவரைக்கும் எத்தன பேருக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கு? பள்ளிவாசல்ல கேக்குறாக, பதில் சொல்லணும்ல.”

‘மனுதாரர்’ என்ற சொல்லின் நடுவில் என் விரல் நின்றது.

“அது நின்னு கெடக்கு மாமா.”

“யாரு நிப்பாட்டுனது?”

“நாந்தேன். இப்பவே போயி ஓட விடுறேன்.”

“மொதல்ல மனுவ முடி. மருந்து பத்து நிமிசம் பொறுக்கும்.”

மருந்து ஏற்கெனவே பத்து நாள் பொறுத்திருந்தது. அந்தப் பத்து நாள் கணக்கு யாருக்கு எதைத் தாமதப்படுத்தியது என்று அறிய வழியே இல்லை. அவரோடு ஸ்டுடியோவுக்குப் போய், திட்டத்தை மறுபடி ஓடவிட்டு, அன்று வேண்டுமென்றே விட்டுவிட்ட கட்டத்தில் குறியிட்டேன்.

“மிஷினுக்கு ஆகாதுன்ன?” என்றான் நண்பன்.

“பொறாமை, மச்சான். வேறொண்ணுமில்ல.”

“ஏலே, அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்கே தெரியாது. தெரியாதவன் மேலயா பொறாமைப்படுவ?”

“அதனாலதேன்.”

அவன் சிரித்துவிட்டு டீ வாங்கப் போனான். ஒரு நிமிடத்துக்குள் கணினிக்குப் பணி வந்தது, விசிறி இரைந்தது. என் கார்டு இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருந்த அளவு வேலை அது. அவன் டீயோடு திரும்புவதற்குள் கால்வாசி முடிந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை முழுவதும் முடிந்து திட்டத்துக்குப் போய்ச் சேரும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.