பாதி வேகத்தில் ஒரு கணவர்

இன்று காலை என் புரோகிராம் ஒருவரை நோயாளியாக்கிவிட்டது. நல்லவேளை, மதியத்துக்குள் குணமாகிவிட்டார்.

காஞ்சிரங்குளம் பிலோமினா அக்கா, துபாயில் இருக்கும் கணவர் பேசி அனுப்பிய காசெட்டோடு எங்கள் பாறசாலை கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார். பேச்சு முழுக்க ஏசி இரைச்சல். அதை மட்டும் வடிகட்ட நான் எழுதிப் பழகும் புரோகிராமுக்கு இதுதான் முதல் வேலை.

இரைச்சல் போனது. ஆனால் துபாய் அண்ணன் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல இழுத்து இழுத்துப் பேசினார்.

"எலே மக்கா, இவருக்கு ஏதோ தீனமாக்கும்! எனக்கிட்ட மறைக்காரு!" நோய் என்றே நினைத்து அக்கா அழுதேவிட்டார்.

புரோகிராமைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது. ஒலியை நொடிக்கு எத்தனை துண்டாக வெட்டினேனோ, அதில் பாதியைத்தான் கோப்பில் குறித்திருக்கிறேன். அதனால்தான் பாதி வேகம். திருத்தினேன்.

அண்ணன் திடமாகப் பேசினார்: "லெட்டர் போட ஒனக்கு என்னட்டி கேடு?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அந்த மெதுவா பேசுனதயும் ஒண்ணு பதிஞ்சு தா மக்கா. அதுல ஏசினாலும் கொஞ்சுத மாதிரி இருக்கு."

இரண்டையும் கொடுத்துவிட்டேன். ஊருக்கு வரும்போது எந்த வேகத்தில் பேச வேண்டும் என்று அண்ணனிடம் யார் சொல்வது?