மூணாம் பந்தி

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். மேடையேறிப் பிறரைச் சிரிக்க வைப்பதே பிழைப்பு என்றாகிப் பல வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. மைக் வேலை செய்யுமா, ஆள் வருமா, வந்த ஆள் சிரிக்குமா, சிரித்த ஆள் பத்திரமாக வீடு போய்ச் சேருமா என்று வரிசையாகக் கவலைப்படுவேன். தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் நிகழ்ச்சி என்று முடிவானபோது மட்டும் இத்தனையும் ஒதுங்கிப்போய், ஒரே ஒரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது. என் அக்கா வீட்டுக்காரர் வருவாரா?

வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் அதே கவலையில்தான் சேரும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே பயத்தால்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கணக்கு வாத்தியார் என் பக்கம் திரும்பினாலே பெஞ்சுக்கு அடியில் குனிந்து பென்சில் தேடுவேன். ஒருநாள் பாதி வழியில் திரும்பியவன் பிறகு போகவே இல்லை. கம்பத்திலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் ஏறிவிட்டேன். தோட்டத்தில் எனக்கு மருந்தடிக்கிற வேலை. ஜீப்பில் மற்ற எல்லாரும் காய் எடுக்கப் போகும் பெண்கள். ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்து மலையேறுவோம். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு உயிர் போய்த் திரும்பும். கண்ணை மூடினால் தலை சுற்றியது, திறந்தால் பள்ளம் தெரிந்தது. பேசிக்கொண்டிருந்தால் மட்டும் இரண்டும் இல்லை. அதனால் பேசினேன்.

"டிரைவரண்ணே, வளைவுக்கு ஆரன் அடிக்கிறீகளா, இல்ல சாமிக்கு மணி அடிக்கிறீகளா?" என்று ஒருநாள் கேட்டேன். நிஜமான பயத்தில் கேட்டதுதான். சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது.

மறுநாள் காய்ச்சலில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த ஆத்தா என் தோளைத் தட்டியது. "ஏலே, நீ பேசாம வந்தா எனக்குப் பயமா இருக்குடா. பேசு." அதுதான் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு.

பின்னால் சென்னையில் ஒரு போன் கடையில் வேலை கிடைத்தது. சாயங்காலங்களில் ஒரு காபிக் கடையின் மாடியில், யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் நின்று பேசலாம் என்றார்கள். முதல் சில வாரம் என் பேச்சுக்கு மின்விசிறிச் சத்தம்தான் பதில். ஒருநாள் சொல்ல வேறு எதுவும் இல்லாமல், எங்கள் வீட்டுக் கிடாவெட்டில் மச்சான் கோபித்துக்கொண்ட கதையைச் சொன்னேன். அன்று ஐந்து நிமிடம் முடிந்தும் யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை.

கதை இதுதான். எங்கள் குலசாமிக்குக் கிடாவெட்டு. ஊருக்கே சாப்பாடு. முதல் பந்தி முடிந்து, இரண்டாம் பந்தியில் மச்சான் தன் பங்காளிகள் முப்பது பேரோடு உட்காருகிறார். இலை போட்டு, தண்ணீர் தெளித்தாயிற்று. திடீரென்று எழுந்து நின்று, "மொறையா அழைக்காத எடத்துல நான் கை நனைக்க மாட்டேன்" என்கிறார். முப்பது பேரும் எழுந்துவிட்டார்கள். போட்ட இலை சும்மா கிடக்கக் கூடாதென்று அப்பா வேறு ஆட்களை உட்கார வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துக் கெஞ்சினார். ஊரே கெஞ்சியது. ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்றாம் பந்தியில், யாரும் கூப்பிடாமலே தானாக வந்து உட்கார்ந்து, "எலும்பாப் பாத்துப் போடு" என்றார்.

மேடையில் நான் அவர் துண்டை உதறுவதை மூன்று முறை செய்து காட்டுவேன். முதல் உதறல் எங்கள் அப்பாவுக்கு, இரண்டாவது குலசாமிக்கு, மூன்றாவது வெட்டுப்பட்ட கிடாவுக்கு. மூன்றாவது உதறலில் மண்டபம் விழுந்துவிடும். அந்தக் கதைதான் என்னை டிவிக்குக் கொண்டுபோனது, சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் கூட்டிப்போனது. எந்த ஊரில் மேடையேறினாலும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "மூணாம் பந்தி" என்று கேட்கும்.

கம்பத்தில் அது மச்சானின் பெயராகிவிட்டது. அவருக்கு வாழைத்தார் வியாபாரம். மண்டியில், "என்ன மூணாம் பந்தி, லோடு ஏத்தட்டுமா?" என்கிறார்களாம். டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் துண்டை உதறிக் காட்டினார்களாம். இதையெல்லாம் அக்கா சிரித்துக்கொண்டேதான் போனில் சொல்லும். ஒருமுறை மட்டும் சிரிக்காமல் சொன்னது: "இப்பல்லாம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் கை நனைக்காம வந்துர்றாகடா. தலையக் காட்டிட்டு வீட்டுக்கு வந்து, இருக்கிற பழையதச் சாப்புடுறாக."

நான் உடனே அந்தக் கதையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அதில்லாமல் நான் யார் என்று பயமாக இருந்தது. மச்சானோடு பேசுவதைத்தான் குறைத்துக்கொண்டேன். அவர் போனை எடுத்தால் அக்காவிடம் கொடுக்கச் சொல்வேன்.

தேனி நிகழ்ச்சிக்கு அவரைப் போனில் கூப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மேலே நிகழ்ச்சியின் இரண்டு டிக்கெட். மனைவியையும் அழைத்துக்கொண்டு காமயகவுண்டன்பட்டியில் அக்கா வீட்டுக்குப் போனேன். காரில் போகும்போது நான் நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்ததைப் பார்த்து, "பொண்ணு கேக்க வந்தப்பகூட நீங்க இப்படித் தடவல" என்றாள் அவள்.

மச்சான் தோட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தது. "காமெடிக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறவன் நீ ஒருத்தன்தாண்டா."

"பின்ன? மொறையா அழைக்கலன்னு அதுக்கும் துண்ட உதறுவாரே."

மேடையில் பழகிய வாய்; முந்திக்கொண்டுவிட்டது. அக்காவின் முகம் மாறியது. தட்டை வாங்க நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டது.

"ஏலே, அன்னைக்கு அவுக எதுக்கு எந்திரிச்சாகன்னு ஒருநாளாச்சும் யோசிச்சியா?"

"மொறையா அழைக்கலன்னுதானக்கா."

"அப்பா நேர்ல வந்து, இந்தா இதே எடத்துல உக்காந்து, வெத்தல பாக்கு வச்சுத்தான அழைச்சாக? தட்டத் தூக்கிட்டு வந்தவன் நீதான?"

ஆமாம். நான்தான். தட்டு கனத்து, வாழைப்பழம் ஒன்று படியில் விழுந்ததுகூட நினைவிருக்கிறது. இத்தனை வருடம் அந்தக் கதையை ஆயிரம் பேர் முன்னால் சொல்லியிருக்கிறேன், இது தோன்றவே இல்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் எங்கள் பக்கத்தில் யாரும் காரணம் தேடமாட்டார்கள். அன்று அப்பாவும் தேடவில்லை.

அக்கா சொல்லச் சொல்ல நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடாவெட்டுக்கு முந்தின வாரம் ஜீப்பில், ஏதோ சிரிப்புக்கு நடுவில், "எல்லாரும் வந்துருங்க" என்று அந்தப் பெண்களிடம் நான் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை. மலைக்குப் போகிறவர்கள் சும்மா சொன்ன சொல்லுக்கு வேலையை விட்டுவிட்டா வருவார்கள் என்று இருந்துவிட்டேன். அவர்களுக்கு அந்த ஒரு சொல்லே வெற்றிலை பாக்கு. குளித்துப் பூ வைத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மூன்று ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"அப்பத்தான் அவுக, பங்காளிகள எலையில உக்கார வச்சுட்டு, அடுப்புப் பக்கம் வெந்நி கேக்கப் போயிருக்காக. சமையல் மாஸ்டர் இவுகளக் கூப்பிட்டு அண்டாவக் காட்டிருக்காரு. இன்னும் ஒரு பந்திதான் தாங்கும்னு. நீ என்னடான்னா அந்தப் பிள்ளைகளப் பந்தலுக்குக் கூட்டிட்டுப் போயிக்கிட்டு இருக்க, பல்லெல்லாம் தெரிய. இவுக பங்காளி ஒருத்தரக் கம்பத்துக்கு வண்டில வெரட்டிட்டாக, கறி எடுத்தாரச் சொல்லி. வந்து வேகணும்ல? அதுவரைக்கும் முப்பது பேர எப்படி எந்திரிக்க வைக்கிறது? கறி பத்தலன்னு சொல்லியா?"

"அதனால..."

"அதனாலதான். இவுக எந்திரிச்ச எலையிலதான் உன் ஜீப்பு ஆளுக உக்காந்து சாப்புட்டாக. நீங்க அம்புட்டுப் பேரும் இவுகளக் கெஞ்சிக்கிட்டு நின்னீகளா, பின்னால அடுப்புல என்ன வேகுதுன்னு எவன் பாத்தான்?"

எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவன், கவலைப்பட வேண்டிய ஒன்றே ஒன்றை விட்டிருக்கிறேன். "ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன்.

"அவுகதான் சொல்லக் கூடாதுன்னாக. பூட்டுன கதவப் பூட்டிக்கிட்டு இருக்கிற பய. தன்னாலதான்னு தெரிஞ்சா அப்புறம் ஒரு ஆள வீட்டுக்கு வான்னு கூப்புட மாட்டான்னாக."

வாசலில் வண்டி நின்றது. மச்சான் சட்டையெல்லாம் வாழைக்கறையோடு உள்ளே வந்தார். தட்டைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வா மாப்ள. வாம்மா. சாப்பிட்டீகளா?"

"மச்சான், அந்தக் கதைய இனிமே சொல்ல மாட்டேன்."

அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லிட்டியாக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் சொல்லாம? அதுலதான வீடு கட்டுன. நல்லாத்தான இருக்கு. ஆனா ஒண்ணு. நீ சொல்ற மாதிரி நான் மூணு தடவ உதறல. ரெண்டு தடவதான்."

"மச்சான், பின்ன ஏன் விசேஷ வீட்டுல உக்கார மாட்டேங்கிறீக?"

 அவர் தட்டைச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் அக்காவும் மச்சானும். புதுத்துண்டு போட்டிருந்தார். நான் வேறு எதையெல்லாமோ பேசி முக்கால் மணி நேரத்தை ஓட்டினேன். பிறகு பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. "மூணாம் பந்தி!" வழக்கமாக ஒரு குரல்தான். சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் அன்று பத்துப் பதினைந்து.

சொன்னேன். இலை போட்டது வரை எப்போதும் போல. துண்டை இரண்டு முறை உதறிவிட்டு நிறுத்தினேன். மூன்றாவதற்காகச் சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். "மிச்சத்த நான் இத்தன வருசமாத் தப்பாச் சொல்லிட்டேன்" என்று, ஜீப்பிலிருந்து ஆரம்பித்தேன். கூப்பிட்டது நான், வீட்டில் சொல்லாமல் விட்டது நான், அண்டாவை எட்டிப் பார்த்தது அவர். மூன்று ஜீப் வந்து நின்றதற்கு நல்ல சிரிப்பு. அண்டாவுக்குக் கொஞ்சம். கறிக்கு வண்டி போனதும் சிரிப்பு குறைந்தது. "அவுக எந்திரிச்ச எலையில எங்க ஜீப்பு ஆளுக வயிறாரச் சாப்புட்டாக" என்றபோது ஒரு சத்தமும் இல்லை. எனக்கும் மேலே வரவில்லை. எந்தக் கதையையும் எங்கே முடிப்பது என்று தெரியாமல் நான் மேடையேறியதில்லை, அன்று தெரியவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மலை வளைவில் கண்ணைத் திறந்து பள்ளத்தைப் பார்த்ததுபோல இருந்தது.

மூன்றாவது வரிசையில் மச்சான் எழுந்தார்.  அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார், நிதானமாக ஒரே ஒரு முறை உதறினார், திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்படி ஒரு சிரிப்பை நான் சம்பாதித்ததே இல்லை. முன்வரிசையில் ஒருவர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தது. சிரிப்பா அழுகையா என்று மேடையிலிருந்து தெரியவில்லை. அதன்பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

ஆனால் மண்டபத்தில் கைதட்டல் வாங்குவது வேறு, பந்தியில் உட்காருவது வேறு. அடுத்து அவர் எந்த விசேஷத்துக்குப் போவார், அங்கே எவன் என்ன சொல்லுவான் என்று சென்னைக்கு வந்த பிறகும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து, உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து அக்கா கூப்பிட்டது.

"மண்டபத்துல நொழஞ்சதுமே சமையல் மாஸ்டர் வந்துட்டாருடா. 'அண்ணே, ஒரு எட்டு வந்து அண்டாவப் பாத்துட்டு உக்காருங்க'ன்னு இவுகளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு. இவுகளும் போயி, கரண்டிய விட்டுப் பாத்து, தலைய ஆட்டிட்டு வர்றாக. கலெக்டர் மாதிரி."

"அதெல்லாம் இருக்கட்டும்க்கா. உக்காந்தாரா?"

"மொதப் பந்தியில."

"கை நனைச்சாரா?"

"நனைக்கவா? மோருக்கு மறுசோறு வாங்குனாக."

 எனக்கு வழக்கமான கவலை வந்துவிட்டது. "கடைசிப் பந்தி வரைக்கும் சோறு பத்துச்சாக்கா?"

"அத அவுக பாத்துக்கிட்டாக" என்றது அக்கா. "நீ போயி உன் பூட்ட இழுத்துப் பாரு."