ஐம்பது மில்லி வீதம் பத்து வாய்

“எனக்க மெஷினு இருக்கும்போ இனி அந்த வீட்டுல அளவுக்கு மேல ஒரு சொட்டு வெள்ளம் இறங்காது. அவ கெஞ்சினாலும் இறங்காது. உண்டாக்கின நானே அழுது கரஞ்சு கேட்டாலும் இறங்காது.”

கடந்த ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இரணியல் ரயில் நிலையம் போகும் வழியில் நேசமணியின் சாயாக்கடையில் கிருஷ்ணமணி இவ்வாறு பிரகடனம் செய்தார். கடையில் அப்போது அவரைத் தவிர நான்கு பேர். ஒருவருக்குக் காது கேட்காது. ஆகவே சாட்சிகள் மூன்று.

“அப்போ உமக்க மெஷினும் எனக்க பொண்டாட்டியும் ஒரே கம்பெனி ஓய்” என்றார் நேசமணி.

கிருஷ்ணமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. சவுதியில், தம்மாமில் இருபத்தொரு வருடம் எலக்ட்ரீஷியன். பொத்தானை அமுக்கினால் சாயா வரும் கேண்டீன் இயந்திரங்களைப் பழுது பார்ப்பதும் அங்கே அவர் சோலியில் சேர்த்தி. ஊரோடு வந்து, வீடு கட்டிப் பால் காய்ச்சிய மூன்றாம் வருடம் மனைவி ஞானத்துக்கு இரண்டு கிட்னியும் போயின. வாரத்துக்கு மூன்று நாள் நாகர்கோவிலில் டயாலிசிஸ். சிறுநீர் பிரியாத உடம்பு; குடிப்பதெல்லாம் உள்ளேயே தங்கும். நாளொன்றுக்குக் குடிக்க அரை லிட்டர், அதற்கு மேல் கூடாது என்றார் டாக்டர். குளமும் வாய்க்காலும் தளும்பிக் கிடந்த ஒரு மழைநாளில் சொன்னார்.

“வெள்ளம் தவிக்கு. நாக்கு நனைய ஒரு வாய் தாருங்க” என்று ஞானம் கேட்பாள். கிருஷ்ணமணி ஒரு வாய் தண்ணீர் தருவார். வைகாசியில் ஒரு நாள் அந்த வாய்களெல்லாம் ஒன்றுகூடி அவள் நெஞ்சுக்குள் ஏறின. மூச்சு கிடைக்காமல் ஆம்புலன்சில் போனாள். “யாரு இவ்வளவு குடுத்தது?” என்று நர்ஸ் கேட்டபோது, கிருஷ்ணமணி சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியைத் தொழில்முறை அக்கறையோடு பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு இரக்கமில்லாத ஓர் ஆள் தேவை என்று அன்றைக்கு அவருக்கு விளங்கியது. சொந்தத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருந்தாலும் யாரும் கூட வந்து தங்கத் தயாரில்லை. எனவே, செய்தார்.

சீரக வெள்ளம் நிறைத்த ஒரு எவர்சில்வர் தூக்கு, குட்டி பம்பு, ரப்பர் குழாய், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மைக்ரோகண்ட்ரோலர் பலகை, ஒரு சின்னத் திரை. பொத்தானை அமுக்கினால் ஐம்பது மில்லி. நாளைக்குப் பத்து வாய். பதினோராவது தடவை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், மறுநாள் காலை ஆறு மணிக்கு வரச் சொல்லித் திரை அறிவிக்கும். முதலில் கரண்டு போகும்போதெல்லாம் அதற்கு ஞாபகமும் போய், ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கியது. நம் மாவட்டத்து மழைக்காலக் கரண்டை அறிந்தவர் ஆதலால், அந்த மறதியையும் இரண்டே நாளில் குணப்படுத்தினார். புரோகிராம் எழுத இரவல் வாங்கிய லேப்டாப்பை, தனக்கே கை அரிக்கக் கூடாதென்று, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஆதிராவுக்கே திருப்பி அனுப்பினார். குடிக்கத் தருவதற்கு இயந்திரம் செய்தவர்கள் உலகில் பலர். குடிக்க விடாமலிருக்கச் செய்தவர், தெரிந்தவரை, இவர் ஒருவரே.

ஒரு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. டயாலிசிஸில் எடை சரியாக இருந்தது. நர்ஸ் மெச்சினாள். ஞானம் கெஞ்சுவதை நிறுத்தினாள். கெஞ்சல் நின்றதும் வீட்டில் பேச்சும் நின்றது. இருவருக்கும் இடையே பேச அது ஒன்றுதான் மிச்சமிருந்தது போலும். அவள் பிளாஸ்டிக் நாற்காலியை மெஷினுக்கு எதிரே போட்டு, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி முதல் ஞாயிறு, ஞானத்தின் அண்ணன் கணபதியப்பனும் மைனி உலகம்மாளும் அவளைப் பார்க்க வந்தார்கள். சொகமில்லாதவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகலாகாது என்பதால் நான்கு இளநீர் கொண்டுவந்தார்கள். கிட்னி நோயாளிக்கு விஷமாகக்கூடிய பொருள்களில் இளநீருக்கு முதல் வரிசையில் இடமுண்டு. வந்தவர்களை வெறும் தொண்டையோடு அனுப்பலாகாது என்பதும் முறைதான். ஞானத்தால் அடுக்களையில் நிற்க முடியாது.

“மச்சான், அந்தப் பொத்தான அமுக்கிப் பாருங்க” என்றார் கிருஷ்ணமணி.

கணபதியப்பன் அமுக்கினார். குடித்தார். “இது என்ன மாப்ள, தீர்த்தமா?”

“ஐம்பது மில்லி. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.”

“கோயில்ல போத்தி இதவிடக் கூட ஊத்துவாரே” என்று இன்னும் மூன்று தடவை அமுக்கினார். உலகம்மாள், தன் பங்குக்கு, நான்கு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் கிருஷ்ணமணி பம்பு வேலை செய்யும் விதத்தை விளக்கினார். விருந்தாளி என்று ஒரு பிறவி உண்டென்பதைப் புரோகிராமில் அவர் எழுதியிருக்கவில்லை.

அவர்கள் போனபிறகு ஞானம் டம்ளரோடு வந்து அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மணி பதினொன்று.

“நான் ரெண்டு வாய்தானே குடிச்சேன்” என்றாள். அவரிடம் அல்ல, மெஷினிடம்.

பாக்கி எட்டு வாய் அவளுக்கு நியாயமாக உண்டு. மெஷின் நியாயம் கேட்காது. கிருஷ்ணமணி இருமல் மருந்தோடு வந்த, கோடு போட்ட குப்பியைத் தேடி எடுத்து, அடுக்களைப் பானையிலிருந்து தன் கையாலேயே அளந்து கொடுத்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு எட்டும் தீர்ந்தது. குப்பியைக் கவிழ்த்து வைத்தார்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“ஒரு வாய் கூட தாருங்க. நாளைக்கு எப்படியும் ரெத்தம் கழுவப் போறோம்லா.”

“ஏட்டி, வைகாசில நீ கெடந்த கெடப்பு மறந்து போச்சா?”

“மறக்கல்ல. அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல எனக்க கையப் பிடிச்சுட்டே வந்திய. அதுக்குப் பெறவு நீங்க எனக்கு ஒண்ணும் கையில எடுத்துத் தரல்ல. இன்னைக்குத்தான்.”

ஒரு மாதத்தில் அவள் அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. பேசியதில் உதடு வெடித்து, அதைத் தடவ நாக்கிலும் ஈரமில்லாமல் இருந்தாள்.

கிருஷ்ணமணி குப்பியை நிமிர்த்தினார். பானையைச் சரித்தார். வெள்ளம் ஐம்பதாம் கோட்டில் நிற்காமல் மேலே ஏறியது. அவர் அதைத் திருப்பி ஊற்றவில்லை.