நாற்பத்தொரு பூட்டுகளும் பத்து நாள் லீவும்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூட்டக்கா. பஸ் டிக்கெட் விற்கும் கம்பெனி அது. வழித்தடத்துக்கு ஒன்றாக நாற்பத்தொரு இணையதளம். ஒவ்வொன்றின் முகவரிக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிப் பூட்டு தெரியும். நீங்கள் தட்டும் அட்டை எண்ணை வழியில் எவனும் படிக்க முடியாது என்பதற்கு அடையாளம். பூட்டுக்குப் பின்னால் ஒரு டிஜிட்டல் சான்றிதழ், சான்றிதழுக்கு ஒரு காலாவதி தேதி, தேதிக்குப் பின்னால் இவள். தேதி தவறினால் திரையில் சிவப்பு எச்சரிக்கை வரும், வாங்க வந்தவர் ஓடியே போவார். பதினோரு வருஷமாக எல்லாவற்றையும் கையால் புதுப்பித்து, சுவர் காலண்டரில் வட்டம் போட்டு, செக்குமாடாகச் சுற்றினாள். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அவள் ஞாபகம் யாருக்கும் வராது.

நாலு வருஷத்துக்கு முன் அவளுடைய அக்காவுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன். அக்காவுக்கு இவளை விட்டால் யாருமில்லை. பஸ்ஸில் பாதி வழி போயிருந்தபோது ஒரு தளம் சிவந்துவிட்டதென்று போன் வந்தது. இறங்கித் திரும்பினாள். அக்கா ஒரு வார்த்தை கடிந்ததில்லை. போனில் மட்டும், "உன் பூட்டெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று கேட்பாள். திட்டியிருந்தாலே தேவலை.

இப்போது இடது முழங்கால். பத்து நாள் லீவு கேட்டு எழுதியது கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. நேரில் போய் நின்றாள்.

"நீ போனா யாரும்மா பாக்கிறது?" என்றார் மேனேஜர். "தானா புதுப்பிக்கிற கருவி இருக்காமே. ரெண்டு மூணை ஒப்பிட்டுப் பாரு. ஒண்ணு சரியா ஓடினா, தாராளமா போயிட்டு வா."

மூன்று சின்னத் தளங்களில் மூன்று கருவிகளைப் போட்டாள். காசு கொடுத்து வாங்குவது பார்க்க லட்சணமாக இருந்தது. பச்சை விளக்கு, வட்டப்படம், எல்லாம் உண்டு. ஆனால் தளங்களை ஓட்டும் பழைய சர்வர் கம்ப்யூட்டர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாவது இலவசம், சொல்லாமலே வேலை செய்யும். ஆனால் இருக்கிற சர்வரை எல்லாம் தூக்கிவிட்டு அதையே சர்வராக வைக்க வேண்டுமாம். அதற்கு இன்னொரு பதினோரு வருஷம் ஆகும். மூன்றாவதும் இலவசம். அழகான திரை கிடையாது, கம்ப்யூட்டரில் வெறும் கறுப்புக் கட்டத்தில் கட்டளை தட்ட வேண்டும். அதன் உதவிப் பக்கத்தில் முதலில் வெளியான தேதி இருந்தது: எட்டு வருஷத்துக்கு முந்தையது. குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்ததில் இவள் கண்ணில் படவேயில்லை. மேற்கொண்டு கணக்குப் போடாமல் பக்கத்தை மூடினாள்.

ஐந்தாம் நாள் அந்த மூன்றாவது கருவி "புதுப்பித்தாகிவிட்டது" என்று எழுதியது. தளத்தைத் திறந்தால் பழைய தேதியே நின்றது. லீவு போச்சு என்று அரைமணி நேரம் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் புரிந்தது, தப்பு கருவியுடையது இல்லை. புதிய சான்றிதழ் வந்ததும் அதை எடுத்துப் படிக்கும்படி சர்வருக்குச் சொல்ல வேண்டும். கையால் செய்யும்போது யோசிக்காமலே செய்துவிடுவாள். கருவிக்கு அதைச் சொல்லி வைக்க மறந்திருந்தாள். ஒரே ஒரு வரி. சேர்த்து மறுபடி ஓடவிட்டாள். தேதி மாறியது.

நாற்பத்தொன்றிலும் அதையே போட்டாள். ஏதாவது தவறினால் மெயில் போகும் முகவரியாகத் தன்னுடையதை அழித்து மேனேஜருடையதை எழுதினாள். அவர் முகம் சுளித்தார், லீவுக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம். கட்டுப்போட்ட காலோடு அக்கா படுத்திருக்க, பக்கத்து நாற்காலியில் இவள். பெரிய தளம் ஒன்றுக்கு அன்று புதுப்பிக்கும் நாள். பழக்கம் விடுமா? போனில் திறந்து பார்த்தாள். தேதி தானாகவே மாறியிருந்தது.

"என்னடி, போனே வரல?" என்றாள் அக்கா.

"வராதுக்கா. அதுவே பாத்துக்கும். ஒரு கருவி போட்டிருக்கேன்."

"இப்படியெல்லாம் வந்திருக்கா? புதுசா?"

இவள் போனைப் பைக்குள் வைத்தாள். பதினோரு வருஷத்து அசதி மொத்தமும் அப்போதுதான் உடம்பில் இறங்கியது.

"ஆமாக்கா. இப்பதான் வந்திருக்கு."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதானே பார்த்தேன். இருந்திருந்தா நீ அப்பவே வந்திருப்பியே."