ருக்மணியின் பெயரால் ஒரு வாய்தா

ருக்மணி இறந்த செய்தி நீதிமன்ற வராந்தாவில்தான் எனக்கு வந்தது. என் பக்கத்தில் பரவை பாண்டியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அன்று அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாள். நான் அவள் வைத்துக்கொண்ட தனி வழக்கறிஞர்; வழக்கை நடத்துபவர் அரசு உதவி வழக்கறிஞரான ருக்மணி. இருவரும் அவருக்காகத்தான் காத்திருந்தோம். "விடியக்காலையில மாரடைப்பாம் மேடம், போய்ட்டாங்களாம்" என்றார் கோர்ட் ஏட்டு.

சற்று நேரத்தில் வழக்கறிஞர்கள் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். மறைந்தவருக்கு மரியாதையாக அன்று யாரும் நீதிமன்றப் பணி செய்வதில்லை. எல்லா வழக்குகளுக்கும் வாய்தா, ருக்மணி நடத்தவிருந்த வழக்கு உட்பட. பாண்டியம்மாளிடம் சொன்னேன். "இன்னைக்கு விட்டா இனிமே வீட்டுல என்னைய இப்பிடி தனியா வரவிட மாட்டாக மேடம்" என்றாள். எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அவரோடு பழகி, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களுக்கு அந்த ஆத்திரம் புரியும். சில மாதங்களுக்கு முன் மூத்த வழக்கறிஞர் ஒருவர் காலமானபோது இதே போல எல்லோரும் கறுப்பு கவுனைக் கழற்றினோம். ருக்மணி மட்டும் எழுந்து, "காலையில சாட்சிய விசாரிப்போம், சாயங்காலம் அஞ்சலி வைப்போம். செத்தவருக்கு அவசரம் இல்ல, வந்த சாட்சிக்குத்தான் அவசரம்" என்றார். யாரோ கேலியாக, "அக்கா, உங்களுக்கும் அப்பிடித்தான் செய்யணுமா?" என்று கேட்டார். "எனக்கு மட்டும் லீவு விட்டுப் பாருங்க, எந்திரிச்சு வந்துருவேன்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். சிரித்த அதே ஆட்கள்தான் அவர் இறந்த அன்றைக்கு லீவு விட்டோம்.

சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழியில் இரண்டு நிமிடம் சண்டை போட்டுவிட்டு, அதே மூச்சில் மதுரைத் தமிழுக்கு வந்து போலீஸ்காரரைத் திட்டுவார். கொலை வழக்குகளில் அவருக்கு அவ்வளவு ஆர்வமில்லை. "செத்தவனுக்குப் பேச நாலு பேரு வருவான். அடி வாங்கிட்டு உசுரோட இருக்கவளத்தான் எல்லாரும் சேந்து வாய மூடச் சொல்லுவாக" என்பார். புதிய தண்டனைச் சட்டம் வந்தபோது நாங்கள் எல்லோரும் பிரிவு எண்களை மனப்பாடம் செய்து திணறினோம். அவர் சலிப்போடு சொன்னது: "அடிச்சவனுக்கு செக்‌ஷன் நம்பர் மாறியிருக்கு. அடி வாங்குனவளுக்கு என்ன மாறியிருக்கு?"

பாண்டியம்மாள் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவள். கடை இடம் யாருக்கு என்ற தகராறில் அவளுடைய கொழுந்தன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, வெட்டாத பின்பக்கத்தால் அடித்தான். வலது முன்கை எலும்பு முறிந்தது. நம் ஊர்ப்பக்கம் சொந்தபந்தத்துக்குள் அரிவாளைத் திருப்பிப் போட்டால் அது பெரிய பெருந்தன்மை. அவனும் ஸ்டேஷனில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "திருப்பிப் போட்டுத்தான் சார் அடிச்சேன். வெட்டணும்னு நெனச்சிருந்தா கை இருந்திருக்குமா?" என்றானாம். போலீசும் அதில் மயங்கி, ஆயுதமே இல்லாத கைகலப்பு போல வழக்கை எழுதிக்கொண்டு வந்தது.

ருக்மணி அந்தக் காகிதத்தை மேசையில் போட்டார். "பின்பக்கம் அடிச்சா அருவா அகப்பையாயிருமா?" என்று கேட்டார். ஆயுதத்தால் எலும்பை முறித்த குற்றம் என்று பிரிவை மாற்ற வைத்த பிறகுதான் அவர்களை விட்டார். பிறகு என்னிடம், "அவன் போலீஸ்ல பீத்துனது கோர்ட்டுல செல்லாது. மார்க்கெட்டுல ஒருத்தனும் பாக்கலங்குறான். இவ வாயில இருந்து வந்தாத்தான் கேசு" என்றார். அந்தப் பிரிவில் சட்டப்படி ராஜி கிடையாது. ஆனால் சாட்சியை மாற்றிவிட்டால் ராஜியைவிடச் சுலபமாக எல்லாம் முடிந்துவிடும். அது பாண்டியம்மாளின் மாமியார் வீட்டாருக்கும் தெரியும்.

அடுத்த வாய்தாவுக்கு அவள் கொழுந்தன் கொண்டுவந்த ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது; அதற்குள் கேசு முடிய வேண்டும் என்று அவளை நெருக்கியிருந்தார்கள். புதிதாக வந்த அரசு வழக்கறிஞர் நல்லவர், பாவம், அன்று காலையில்தான் வழக்குக் கட்டைப் பிரித்திருந்தார். அவர் தன் இடத்தில் நின்றே கேள்வி கேட்டார். நான் சட்டப்படி பக்கத்தில் உட்கார்ந்திருக்க மட்டுமே முடியும். பாண்டியம்மாள் கூண்டில் ஏறியதும் நேர் எதிரே கொழுந்தனின் முகம். "வழுக்கி விழுந்துட்டேன் ஐயா" என்றாள். பிறழ் சாட்சி என்று அறிவித்து, நாலு கேள்வி கேட்டு, முடித்துவிட்டார்கள்.

ருக்மணி ஒருபோதும் தன் இடத்தில் நின்றதில்லை. பருத்த உடம்பு அவருக்கு. சாட்சிக்கும் எதிரிக்கும் நடுவில் போய், கவுனையும் விரித்துக்கொண்டு, பின்னால் இருப்பவன் தெரியாதபடி நிற்பார். "இந்த ஒடம்பு இதுக்காச்சும் ஒதவட்டும்" என்பார். அன்று அந்த இடம் காலியாக இருந்தது.

வெளியே பாண்டியம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முறிந்த கையால் முந்தானையை இழுக்கப் பார்த்து, முடியாமல் இடது கையால் இழுத்துக்கொண்டாள். "அன்னைக்கு அந்தம்மா இருந்திருந்தா சொல்லிருப்பேன் மேடம்" என்றாள். பிறகு ஆட்டோவில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ருக்மணிக்குப் படத்திறப்பு வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். கோர்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கூண்டுக்கும் எதிரிக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தைத்தான். போன வாரம் வேறொரு பெண்ணின் வழக்கில் அரசு வழக்கறிஞரிடம் அனுமதி கேட்டு அங்கே போய் நின்றேன். நான் ஒல்லி. எதிரியின் முகம் என் தோளுக்கு மேலே அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.